இரவல் சுத்தியல்

லுசாகாவிலிருந்து கிழக்கே போகும் சாலையில்
லாரிகள் வேகம் குறைக்கும் வளைவில்
என் குவியல் இருந்தது.
மூன்று வாரக் கல்.
பழைய டயரைக் கொளுத்திப் பாறையைச் சூடாக்கி,
விரிசல் விட்டதும் கடப்பாரையால் நெம்பி,
மடியில் சாக்கை விரித்துக்கொண்டு
ஒவ்வொன்றாய்
கோழிமுட்டை அளவுக்கு உடைத்த கல்.

வியாழக்கிழமை விடியலில் வந்து பார்த்தேன்.
குவியல் இருந்த இடத்தில்
ஈரம் காயாத வட்டம்.
நடுவில் ஒரு தேரை,
வாடகை பேசிக் குடிவந்ததுபோல.

அழவில்லை.
ஜனவரிக்குள் கசூபாவின் சீருடை, காலணி,
நானூற்றைம்பது குவாச்சா
என்று மட்டும் இரண்டு முறை உரக்கச் சொன்னேன்,
ஆண்டவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதுபோல.

என் கல்லை எனக்குத் தெரியும்.
வெள்ளைக்குள் துருநிற நரம்பு ஓடும்,
நான் தோண்டும் பள்ளத்தில் மட்டும்.
சாலைக்கு அந்தப் பக்கம்
நசிலேலேயின் குவியல் ஓர் இரவில் வளர்ந்திருந்தது.
அதில் துருநிற நரம்பு.
அவள் நிமிரவில்லை.
தட்டிக்கொண்டே இருந்தாள்,
ஏற்கெனவே உடைந்த கல்லை.

அந்த மூன்று நாள் நான் செய்த ஜெபங்களை
வெளியே சொல்ல முடியாது.
அவள் விரல்கள் நசுங்கட்டும் என்று கேட்டேன்.
கட்டைவிரலை மட்டும் விட்டுவிடும்,
பிள்ளைக்கு ந்ஷிமா உருட்டிக் கொடுக்க வேண்டுமே என்றேன்.
விடிவதற்குள்
அந்தச் சலுகையையும் திரும்பப் பெற்றேன்.

ஞாயிறு ஆராதனை.
தகரக் கூரை, டிசம்பர் மழை.
போதகர் சொன்னதில் பாதி மழைக்குத்தான் கேட்டிருக்கும்.
எல்லோரும் எழுந்து அந்த ஜெபத்தைச் சொன்னோம்,
சிறுவயது முதல் நாக்கு தானாக ஓடும் ஜெபம்.
அப்பம் கேட்கிற இடத்தில் என் குரல்தான் உரக்க.
கடனைப் பற்றிய இடம் வந்ததும்
இருமினேன்.
கல்தூசி தின்ற நெஞ்சு,
யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.
இரண்டு வரிசை முன்னால்
இன்னொருத்தியும் அதே இடத்தில் இருமினாள்.

ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்றார் போதகர்.
பெஞ்சுகள் இழுபட்டன.
கூட்டம் தள்ளித் தள்ளி
எங்கள் இருவரையும் தூண் ஓரம் கொண்டுவந்து நிறுத்தியது.
அவள் சுட்டுவிரல் நகம் கறுத்திருந்தது.
எனக்கும் அதே விரல்தான்.
கை கொடுத்தோம்,
உப்புத்தாளில் உப்புத்தாள் உரசியது.
"சமாதானம்" என்றாள்.
"மழை" என்றேன் நான்.
வேறெதுவும் வாய்க்கு வரவில்லை.

திங்கட்கிழமை
அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் இல்லை.
பிடி இரண்டாகி மண்ணில் கிடந்தது.
கல்லைக் கல்லால் இடித்துக்கொண்டிருந்தாள் நசிலேலே,
ஒவ்வோர் அடிக்கும் கையை உதறிக்கொண்டு.
பார்க்காதே என்று எனக்கு நானே சொன்னேன்.
பார்த்தேன்.
நல்லது, வேண்டும் என்றும் சொன்னேன்.
அதையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

சாலையைக் கடக்கையில்
வானத்திலிருந்து எந்த வெளிச்சமும் எனக்குள் இறங்கவில்லை.
சிட்டெங்கேயில் முதுகோடு கட்டிய பிள்ளைபோல
கோபமும் கூடவே வந்தது,
கனமாக, வெதுவெதுப்பாக, தூங்காமல்.
சுத்தியலை அவள் காலருகே வைத்தேன்.
"மத்தியானம் வரைக்கும்தான். பிறகு எனக்கு வேண்டும்."

மத்தியானம் கொண்டுவந்து கொடுத்தாள்.
மறு கையில் ஒரு வாளிக் கல்.
பேசாமல் என் இடத்தில் கொட்டிவிட்டுப் போனாள்.
துருநிற நரம்பு வெயிலில் தெரிந்தது.
ஒரு வாளி.
என்னிடமிருந்து போனது நாற்பது.

இன்று ராத்திரி பாயில் உட்கார்ந்து
அதே ஜெபத்தைத் தொடங்கினேன்.
அப்பத்தைக் கடந்து
கடன்வரை வந்தேன்.
இருமல் வரவில்லை.
குரலும் வரவில்லை.
ஆண்டவரே,
அந்த முப்பத்தொன்பதை எண்ணுவதை
எப்போது நிறுத்துவேன் என்று என்னைக் கேட்காதேயும்.
நாளைக்கும் சுத்தியல் கொடுப்பேன்.
மத்தியானம் வரைக்கும்.