பத்தி மை

தரம் மூன்று, பி வகுப்பு. தம்பிலுவில்.
கச்சான் அடிக்கிற ஆடி.
கல் வைத்தும் ஜன்னல் கதவு நிற்கவில்லை.

அனுமதிப் படிவத்தில் பிறந்த இடம் பெய்ரூட்.
தந்தை பெயருக்கு ஒரு சின்னக் கீறல்.
தாய்மொழி என்ற கோட்டில்
யோகமலர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி
என்னைப் பார்த்தாள்.
“தாய் நான்தான் டீச்சர். மொழிதான்…”
அவள் வேலை செய்த வீட்டில் பிள்ளைக்கு இடமில்லை.
மடத்தில் வளர்ந்தவன்.

பத்து மணிக்கு ஜவாத் கடைசி வாங்கிலிருந்து வந்து
மேசையைத் தொட்டுச் சொன்னான்:
பத்தி மை.
பத்தி எழுத மை கேட்கிறான், கெட்டிக்காரன் என்று
நீலப் பேனையைக் கொடுத்தேன்.
கொண்டு போனான். திரும்பி வந்தான்.
பத்தி மை.
பேனை எழுதவில்லையாக்கும்.
உதறிப் பார்த்து வேறொன்று கொடுத்தேன்.
வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்,
அதை மறைத்து என்ன.

துவாரகியின் தாய் புவிராணி
சோத்துப் பெட்டியோடு வாசலில் நின்றாள்,
ஒன்பது வருசம் லெபனானில் இருந்துவிட்டு வந்தவள்.
மூன்றாவது முறை அவன் சொன்னது
அவள் காதில் விழுந்தது.
“தண்ணி கேக்கான் டீச்சர்.
மை எண்டா தண்ணி.
பத்தி, எனக்கு வேணும்.”

மூன்று பேரின் போத்தலைக் குடித்து முடித்தான்.

கிழமைக்கு இரண்டு நாள் வந்து உதவ ஏலுமா என்றேன்.
“எனக்குத் தெரிஞ்சதெல்லாம்
கழுவு, துடை, கெதியா வா.
அதையா ஒரு புள்ளையிட்டச் சொல்ற?”
என்றாலும் வந்தாள்.
சின்ன வாங்கில் முழங்கால் இடிக்க இருந்தாள்.
அவன் படத்தைத் தொட்டான்,
இவள் தமிழைச் சொன்னாள்,
அவன் அரபைச் சொன்னான்.
முயல். ஏணி. மின்மினி.
ஒன்பது வருசத்தில் அந்த வீட்டில்
யாரும் அவளிடம் சொல்லத் தேவைப்படாத சொற்கள்.
ஒருநாள் அவளும் ஒரு கொப்பி கொண்டுவந்தாள்,
உறை போட்டு, பெயர் எழுதி.

தவணைப் பரீட்சை. படம் பார்த்துப் பெயர் எழுதுக.
முயலுக்குச் சரி. ஏணிக்குச் சரி.
குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிற படத்தின் கீழே,
தமிழில், சுழி பிசகாமல்,
எழுதியிருந்தான்: மை.

வலயத்திலிருந்து வந்த ஐயா தாளைப் புரட்டி
“இது பிழையெல்லோ” என்றார்.
பிழைதான்.
அவர் போன பிறகு சிவப்புப் பேனையைத் திறந்தேன்,
மூடினேன்.
அந்தத் தாள் இன்னும் என் லாச்சிக்குள் கிடக்கிறது
அந்தக் கேள்விக்கு மட்டும் புள்ளி போடாமல்.

படிவத்தில் அந்தக் கோடும் அப்படித்தான்.