இடது பக்கத்து மரை

கடிகாரம் சுற்றும் பக்கமே சுற்ற வேண்டும், கழற்ற.
மற்ற நட்டெல்லாம் கழலும் திசையில்
இது இறுகும்.
தெரியாமல் சைதலவியின் பையன்
ஸ்பேனரில் குழாய் மாட்டி, குழாய் மேல் ஏறி நின்று
மூலைகளை மழுக்கி வைத்திருந்தான்.

கொழிஞ்சாம்பாறை ஆக்ரிக் கடையில்
எடைக்குத்தான் வாங்கினேன்.
பதினோரு கிலோ, கிலோ நாற்பது.
எண்பத்து நாலில் யாரோ ஷார்ஜாவிலிருந்து
பெட்டி கட்டிக் கொண்டுவந்த பிஎம்எக்ஸ்.
குரோம் நரைத்திருந்தது.
தலைக்குழாயில் ஒரு கோடு,
நகத்தால் கீறிப் பார்த்தேன், வெடிப்பில்லை.

கிராங்க் ஒரே கம்பி.
இடது காலில் புறப்பட்டு, வளைந்து,
வண்டியின் வயிற்றுக்குள் நுழைந்து,
மறுபடி வளைந்து வலது காலில் முடிகிற
சோம்பேறிப் பாம்பு.
பேரிங் கூண்டில் ஒன்பது குண்டுக்கு ஏழு.
கிரீஸ் கறுத்து, புளிக்குழம்பின் அடி போல.

ஒலவக்கோட்டு ஜயதேவன் போனில் அலறினார்:
"தொடாதே! அப்படியே வை,
முப்பத்தஞ்சாயிரம் நான் தர்றேன்.
பழசுல புதுசை மாட்டுறாளாம்,
மரை கழண்டிருச்சா உனக்கு?"
கழண்டுதான் இருக்கு சார்,
கடிகாரப் பக்கமா.
அவருக்கு வண்டி சுவரில் தொங்க வேண்டும்.
எனக்கு மூன்றடி மேலேயிருந்து
கீழே வர வேண்டும், இரண்டு காலும் பெடலில்.

புதுக் கிராங்க் மூன்று துண்டு.
அச்சு பத்தொன்பது மில்லி, நாற்பத்தெட்டுப் பல்.
கூரியர்காரன் எல்லை தாண்ட மாட்டேன் என்றான்.
வேலந்தாவளம் பாலத்தில்
இரண்டு பின்கோடுக்கு நடுவே நின்று
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

வண்டியின் ஓட்டை ஐம்பத்தொன்று புள்ளி மூன்று.
பேரிங் நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.
நடுவில் இருக்கும் காலி இடத்துக்கு
கடையில் வளையம் கிடைக்கும்,
அதன் விலைக்கு இன்னொரு ஆக்ரி வண்டி கிடைக்கும்.

ரெஜிமோன் லேத்தில் அலுமினியம் கட்டினோம்.
வாரம் ஆறு நாள் குறிச்சிக் கம்பெனியில்
பிறர் கடைந்ததைத் திருப்பி அனுப்புகிறவள் நான்.
ஞாயிறன்று என் துண்டையே நான் அளக்கிறேன்.
"மதி, மதி" என்கிறான் ரெஜிமோன்.
அவன் மொழியில் அது போதும் என்பது.
என் காதுக்கு அது நிலா.
சக்கில் சுற்றும் வெள்ளை வளையத்தைப் பார்த்தபடி
ஒரு நொடி தாமதித்தேன்.
அந்த நொடியில் போனது பாயிண்ட் ஒன்று.
வளையம் லூஸ். ரிஜெக்ட்.
முதல் தடவையாக என் கையெழுத்து
என் வேலைக்கு எதிராக.

இரண்டாவது ஜோடி,
இரவு முழுக்க லில்லிபுஷ்பத்தின் ஐஸ்பெட்டியில்.
ஒரு பக்கம் சேமியா ஐஸ், ஒரு பக்கம் மத்தி.
குளிரில் உலோகம் சற்றே ஒடுங்கும்.
காலையில் மீன் வாசனையோடு எடுத்துவந்து
மரச்சுத்தியால் தட்டினேன்.
டொக். டொக். டொக்.
பிறகு ஓசை மாறியது: டங்.
உட்கார்ந்துவிட்டது என்று
ஸ்கேல் சொல்வதற்கு முன் காது சொல்லியது.

அப்புறமும் சுலபமில்லை.
போல்ட்டை இறுக்கினால் அச்சு முரண்டு பிடித்தது,
தளர்த்தினால் பக்கவாட்டில் ஆடியது.
குளிர்பான டப்பாவை வெட்டி வாஷர் செய்தேன்.
ஒன்று போதவில்லை. மூன்று அதிகம்.
இரண்டு.
விரலால் தள்ளி விட்டேன்.
கிராங்க் சுற்றி, சுற்றி,
மறந்துபோனது போல் நின்றது.

பழைய பாம்பைக் காசிம் ராவுத்தர் கேட்டு வாங்கினார்.
இப்போது கறிக்கடை வாசலில்
ஒரு வளைவு உத்தரத்தில், மறு வளைவில் தொடை.
வெயிட் தாங்குது பாப்பா என்கிறார்.
தாங்கும். அதற்கு அது நல்ல இரும்பு.

ஜிஎஸ்டி வந்த பின்
செக்போஸ்ட் எடைமேடை காலியாகக் கிடக்கிறது.
லாரிகள் நிற்காமல் போகின்றன.
ஐந்தரை மணிக்கு மேல் அந்த சிமென்ட் எனக்கு.
சாய்தளத்தில் ஏறி, அழுத்தி, விட்டேன்.
காற்றில் இருந்த நேரம் சொற்பம்.
இறங்கும்போது கீழேயிருந்து
ஒரு முனகல்கூட இல்லை.
மேடை மேல் நிறுத்தி,
செத்துப்போன எண்பலகையை
எதற்கோ நிமிர்ந்து பார்த்தேன்.

பின்சக்கரம் மட்டும் டிக் டிக் என்கிறது.
அது அடுத்த மாதச் சம்பளத்தில்.