எட்டு முட்டை

லட்லோவில் ஏழரைக்குக் கிளம்பினோம்.
சந்தைச் சதுக்கத்தில் கூடாரக் கம்பிகள் ஊன்றும் சத்தம்.
பாலாடைக்கட்டிக்காரி மட்டும் கையசைத்தாள்,
மற்றவர்களுக்குக் கை ஒழியவில்லை.

கார்வ் பள்ளத்தாக்கு முழுக்க எதிர்காற்று.
டென்ஸில் முன்னால் மிதித்தான்,
நான் அவன் முதுகு மறைவில்.
இருபுறமும் ஆளுயர வேலிச்செடி,
எதையும் காட்டாத கஞ்சன்.
எப்போதாவது ஒரு மரப்படல் வரும்:
அதன் சந்தில் ஒரு குன்று, நாலு செம்மறி,
மறுபடி இலை.

பண்ணை வாசலில் ஆளில்லாத கடை.
ஆறு முட்டை ஒன்றரைப் பவுண்டு,
காசைத் தகர டப்பாவில் போடவும்.
எங்களிடம் இருந்தது இரண்டு பவுண்டு நாணயம்.
மிச்சத்தை யாரிடம் கேட்பது?
டென்ஸில் விரல்விட்டுக் கணக்குப் போட்டு
இன்னும் இரண்டு எடுத்தான்.
அட்டைப்பெட்டியில் ஆறுக்குத்தான் குழி.
மீதி இரண்டும் அவன் சட்டையின் முதுகுப் பைக்குள்.

வென்லாக் மேடு ஏறுகையில்
நாங்கள் பேசவில்லை. மூச்சுக்குத்தான் என்று
சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு இறக்கம்.
பதினோரு வருடமாகக் கத்தியிருக்கிறேன்,
மெதுவா, வளைவு, டிராக்டர் வரும், மெதுவா.
ஒருநாளும் கேட்டதில்லை.
இன்று பிரேக் கிறீச்சிட்டது,
ஒவ்வொரு வளைவிலும்,
வளைவே இல்லாத இடத்திலும்.

இரண்டு முட்டைக்கு!

மச் வென்லாக்கில் கடிகாரத்தடியில் நிறுத்தி
அவற்றை என் கையில் கொடுத்தான்.
விரிசல் இல்லை. வெதுவெதுப்பாக,
லேசான வியர்வை வாடையோடு.
"சிரிக்காதே" என்றான்.

திரும்ப இருபது மைல் இருக்கிறது.
காற்றும் திசை மாறிவிட்டது, எங்களுக்கு எதிராக.