காய்க்காதது

லஹேவ் ஆற்றங்கரைச் சரிவில் என் வீடு.
மண் புளித்தது. கோடையிலும் ஈரம் வற்றாது.
மூன்று தரம் ரோஜா வைத்தேன்,
மூன்று தரமும் செத்தது.
வின்டர்பெர்ரி மட்டும்
சேற்றில் கால் புதைத்துக்கொண்டு
நகரமாட்டேன் என்றது.

பதினோரு வருடம்.
பைன் ஊசிகளைக் கூடையில் அள்ளி
அதன் காலடியில் கொட்டுவேன்.
மார்ச் மாதம் முழங்கால் பனியில் நின்று
கிழட்டுத் தண்டுகளில் மூன்றை
அடியோடு அறுப்பேன்.
சுண்ணாம்பு ஆகாது, வேர் காயக்கூடாது;
மற்றபடி அதற்கு என் தயவு வேண்டாம்.

நவம்பரில் கடைசி இலையும் விழுந்தபின்
அது தொடங்கும்.
குச்சி குச்சியாய்ச் சிவப்பு.
தபால் கொண்டுவரும் வெண்டல்
வண்டிக் கண்ணாடியை இறக்கி
"வெர்னா, உன் வீடு பற்றி எரிகிறது" என்பான்.
ஒவ்வொரு வருடமும் அதே நகைச்சுவை.
ஒவ்வொரு வருடமும் சிரித்துவைப்பேன்.

அந்த வருடம் அவன்
கண்ணாடியை இறக்கவில்லை.

மானைத் திட்டினேன்.
சாலையில் கொட்டும் உப்பைத் திட்டினேன்.
அடுத்த வசந்தத்தில் காப்பிச் சக்கை போட்டேன்,
மீன் உரம் போட்டேன், நாற்றத்தில்
பக்கத்துப் பூனைகளெல்லாம் வந்து உட்கார்ந்தன.
பூ வந்தது. பூ உதிர்ந்தது.
காம்பில் ஒன்றுமில்லை.

பிரிட்ஜ்வாட்டர் நாற்றுக்கடையில்
கையெல்லாம் மண்ணாய் ஒரு பெண்
எல்லாம் கேட்டுவிட்டு,
"ஆண் எங்கே?" என்றாள்.
"எட்டு வருடமாயிற்று" என்றேன்,
"மாரடைப்பு."
அவள் முகம் சிவந்தது.
செடியைக் கேட்டேன், என்றாள்.

ஹெட்லி கார்க்கம் வீட்டு வாய்க்கால் ஓரம்
ஒரு புதர் இருந்தது.
ஒருநாளும் ஒரு மணி காய்த்ததில்லை.
படகு வண்டியை நிறுத்த இடம் வேண்டுமென்று
போன வருடத்துக்கு முந்திய ஏப்ரலில் வெட்டினான்.
காய்த்தது கல்லடி படும்;
காய்க்காததற்கு ரம்பம்.
"சும்மாதானே நிற்கிறது" என்று
வேலிமேல் கை நீட்டி
ரம்பத்தைக் கொடுத்தது நான்.

சொன்னபோது ஹெட்லி
தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.
படகைப் பார்த்தான்.
ஒன்றும் பேசவில்லை.

அடுத்த ஜூலைத் தொடக்கத்தில் ஒரு காலை
என் செடியின் இடுப்பில்
நீல வாளி ஒன்று கட்டித் தொங்கியது.
படகுக் கயிறு. புயலுக்கும் அவிழாத முடிச்சு.
வாளித் தண்ணீரில் நாலு கிளைகள்,
பழைய ரயில்பாதைச் சதுப்பில் வெட்டியவை.
குருணை அளவு வெள்ளைப் பூ,
நடுவில் மஞ்சள் தூசு.
பத்து நாள், தினம் சாயங்காலம் வந்து
தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனான்.
கதவைத் தட்டவில்லை.
தேனீக்கள் வாளிக்கும் செடிக்கும்
செடிக்கும் வாளிக்குமாய்
அவர்கள் வேலையைப் பார்த்தார்கள்.

நவம்பரில்
வாளி தொங்கிய பக்கம் மட்டும் சிவந்தது.
மறுபக்கம் வெறுங்குச்சி.
வெண்டல் வண்டியை நிறுத்தி
வெகுநேரம் யோசித்தான்.
"பாதி அணைத்துவிட்டாய்" என்றான்.
பதினோரு வருடத்தில் முதல்முறையாக
நிஜமாகச் சிரித்தேன்.

ஜனவரியில் மெழுகுச்சிறகுப் பறவைகள் வந்தன.
உறைபனியில் கசப்பு இறங்கும்வரை
எங்கோ காத்திருந்தவை.
கெட்டில் கொதிப்பதற்குள்
எல்லாம் காலி.
பனியின்மேல் சிவப்பு எச்சம்.

இப்போது வாய்க்கால் ஓரம்
முழங்கால் உயரத்தில் ஒரு கன்று நிற்கிறது.
படகு வண்டி சாலையோரம் கோணலாக.
ஹெட்லி வைத்தான், நான் கூடை சுமக்கிறேன்:
பைன் ஊசியில் சரிபாதி அதற்கு.
அது காய்க்காது.
யாரும் அதற்காக வண்டியை நிறுத்தமாட்டார்கள்.

ரம்பம் இன்னும் அவனிடம்தான்.
அவனும் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.