ஒற்றைக் கோடு

கலாமா நகரம், இரவு இரண்டு மணி.
தாமிரச் சுரங்க ஆய்வகத்தில்
மிரேயா சோக்கே வெற்று மூசையை எடை போட்டாள்.
நேற்று 21.412 கிராம்.
இன்று 21.409.

மூன்று மில்லிகிராம்,
ஓர் எறும்பு அவ்வளவு இருக்கும்.
"எறும்புக்காகவா விழித்திருக்கிறாய்?"
மேலங்கியை மாட்டியபடி எலிசேயோ சிரித்தான்.
"நேற்றைய எண்ணையே எழுதிவிட்டு வா."

அவள் தராசைச் சந்தேகித்தாள்.
படிக்கல்லை வைத்தாள்; தராசு பொய் சொல்லவில்லை.
நிலத்தைச் சந்தேகித்தாள்.
முந்நூறு டன் லாரிகள் ஓய்ந்த இடைவெளியில்
மறுபடி எடை போட்டாள்; அதே குறை.
தன் விரலைச் சந்தேகித்தாள்,
ஆனால் ரேகையின் எண்ணெய் கூட்டுமே தவிரக் குறைக்காது.

புறங்கையை மூசையருகே கொண்டுபோனாள்.
உலைச்சூடு
இன்னும் போகவில்லை.

வெதுவெதுப்பில் எழும் காற்று
தட்டையும் சற்றே தூக்குகிறது போலும்:
"போலும்" என்றே குறிப்பேட்டில் எழுதினாள்.
உலர்கலனில் வைத்து மூடினாள்.
நாற்பது நிமிடம்.
சன்னலுக்கு வெளியே பாலைவனமும் ஆறிக்கொண்டிருந்தது.

21.412.
எறும்பு திரும்பியிருந்தது.

பழைய எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்தாள்,
அடித்ததும் படிக்கத் தெரியும்படி;
பக்கத்தில் நேரம், கையொப்பம்,
"மூசை சூடாக இருந்தது. தவறு என்னுடையது."
அழிப்பானுக்கு இந்த அறையில் வேலையில்லை.

எலிசேயோ எப்போதோ போய்விட்டான்.
இரண்டாவது மூசையை அவள் உலைக்குள் தள்ளினாள்.
ஒரே ஒருமுறை நடந்ததை
யார் நம்புவார்?
அவளே நம்பமாட்டாள்.