பாயிண்ட் எட்டு

சாயப்பட்டறை லேபில் பதினேழு வருசம்.
உப்பு இல்லாமல் சாயம் துணியைப் பிடிக்காது,
தண்ணீரிலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும்
என்று புதுசாக வரும் பையன்களுக்குச் சொல்வேன்.
எனக்கே ஒரு உப்பை எழுதிக் கொடுத்தபோது
சிரித்துவிட்டேன்.
டாக்டர் மெர்லின் சிரிக்கவில்லை.

லித்தியம் கார்பனேட், முந்நூறு மில்லிகிராம்.
காலையில் ஒன்று, ராத்திரி இரண்டு.
சீட்டின் மேலே இருமுனைக் கோளாறு என்றிருந்தது.
நட்டு வைத்த கோலுக்கு இரண்டு நுனி இருக்கிற மாதிரி.
எங்கள் தொழிலில் இதற்கு வேறு பேர்,
மெட்டாமெரிசம்.
கடை விளக்கில் பொருந்திய நிறம்
பகல் விளக்கில் வேறாகத் தெரியும்.
துணி அதேதான்.
வாங்குகிறவன்தான் திருப்பி அனுப்புவான்.

மேனியா என்றால் சந்தோசம் இல்லைங்க.
சந்தோசத்துக்குத் தூக்கம் வரும்.
எனக்கு ஒன்பது நாள் வரவில்லை.
பல்லடம் பக்கம் மூடிக் கிடந்த கோழிப்பண்ணைக்கு
அட்வான்ஸ் கொடுத்தேன், நவமணியின் வளையலை வைத்து.
நொய்யலைக் குடிதண்ணீர் ஆக்க
நாற்பது பக்கத் திட்டம் எழுதி
கலெக்டர் ஆபீஸ் வாட்ச்மேனிடம் நீட்டினேன்.
விடிகாலை மூன்று மணி.
பணிவாக வாங்கிக்கொண்டார் மனுசன்.
பாதிக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அப்புறம் வந்த டிப்ரஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
ஒரு ஐப்பசி முழுக்க
செருப்பு வாரை மாட்டுவது பெரிய வேலையாக இருந்தது.
மச்சினன் கொடுமுடிக்கு இழுத்துப்போனான்.
காவிரியில் முங்கி எழுந்தேன்.
குளிர்ந்தது.

உப்பு குறைந்தால் பிடிக்காது, கூடினால் விஷம்.
பாயிண்ட் ஆறுக்கும் ஒன்றுக்கும் நடுவே
எனக்கென்று ஒரு விரற்கடை இடம்.
ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து
வெறும் வயிற்றில் அல்ல, வெறும் பொறுமையில்
ரத்தம் கொடுக்க வேண்டும்.
வியர்த்துத் தண்ணீர் வற்றினால் கூடும்.
பேதியானால் கூடும்.
மெடிக்கலில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரையிலும் கூடும்.
இந்தக் கடைசி வரியை நான் மறந்திருந்தேன்.

சித்திரை. பாய்லர் பக்கம் வேலை.
இடுப்புப் பிடிப்புக்கு நாலு நாள் மாத்திரை.
பிப்பெட் விரலில் நிற்கவில்லை.
நாக்கு ஈரத்துணியாக மடிந்தது.
கேட்டில் செக்யூரிட்டி கேட்டான்:
"ஏனுங்ண்ணா, பொழுது விடியறதுக்குள்ளயேவா?"
ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள்.
நவமணி கிட்டே வந்து என் வாயை முகர்ந்தாள்.
முகர்ந்துவிட்டு,
ஒன்றும் பேசாமல், பீரோவைத் திறந்து
பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு
அதே ஆட்டோவைத் திருப்பினாள்.
ஒன்று பாயிண்ட் ஒன்பது.
டிரிப்ஸில் இறங்கியதும்
உப்புத் தண்ணீர்தான்.

இப்போது பிப்பெட் பிடிப்பவன் ரஃபீக்.
எனக்கு ஒரு மெல்லிய நடுக்கம் மிச்சம்,
நிறம் பார்க்கக் கண் போதும்.
கால்சட்டைப் பையில் மாத்திரை அட்டை,
மேசையில் இரண்டு லிட்டர் பாட்டில்.
தைராய்டு, கிட்னி, எல்லாவற்றுக்கும் தேதி
காலண்டரில் பென்சிலால்.

போன வாரம் என் மேசையில் இரண்டு காகிதம் கிடந்தது.
கழிவுநீர் ரிப்போர்ட் ஒன்று, என் ரத்தம் ஒன்று.
முதலாளி பொங்கியண்ணன் அவசரத்தில்
மாற்றி எடுத்துவிட்டார்.
"பாயிண்ட் எட்டா? அவ்வளவு சுத்தமாவா வருது?"
ஆமாங்க என்றேன்.
"உடாம இப்படியே புடிச்சு வெய்யி" என்றார்
செல்போனைக் காதில் வைத்துக்கொண்டே.