பொருள் வரையறை

அசுன்சியோன். நவம்பர். முப்பத்தொன்பது பாகை வெயில்.
செனட் குழு அறையின் குளிரூட்டி
கனைப்பதோடு சரி.
நான் சுருக்கெழுத்தாளர்.
இருபத்திரண்டு வருடமாய்
மற்றவர் வாயிலிருந்து விழுவதைத்
தரை தொடுமுன் பிடிக்கிற வேலை.

இன்றைக்கும் பிரிவு நான்கு.
'கிரிப்டோ நாணயம் என்னும் சொல்லுக்கு
இச்சட்டத்தில் பொருளாவது'
அதற்கப்பால் மூன்று மாதமாக
வெற்றுத் தாள்.

பணம் என்றார் செனட்டர் பெனெகாஸ்.
பணமென்று எழுதினால் மத்திய வங்கி முறைக்கும் என்றார் சட்ட ஆலோசகர்.
அப்படியானால் சரக்கு என்றார் ஸால்திவார்.
சரக்கென்றால் மூட்டை எங்கே, எடை எத்தனை,
சுங்கச் சாவடியில் எதைப் பிரித்துப் பார்ப்பது?
சூது என்றார் ஒவெலார் அம்மையார்.
ஞாயிறுதோறும் சீட்டில் தோற்பவர்,
வாடை தெரியும்.
பொருளே இல்லாத ஒன்றுக்குப்
பொருள் சொல்லவா கூடியிருக்கிறோம்
என்றது கடைசி நாற்காலி.
அதையும் எழுதிக்கொண்டேன்.

பெனெகாஸ் நல்ல பேச்சாளர்.
இதாய்ப்பு அணையின் மின்சாரத்தை
அடுத்த வீட்டுக்காரனுக்கு அடிமாட்டு விலைக்கு விற்றோம்,
இனி அது நம் மண்ணிலேயே காய்க்கட்டும் என்றார்.
நீர் மின்னாகும், மின் எண்ணாகும், எண் பொன்னாகும் என்றார்.
மைத்துனர் கொட்டகையில்
எண்ணூறு எந்திரம் இரவும் பகலும் இரைவதைச்
சொல்லவில்லை.
சொல்லாததை எழுத
எங்கள் சுருக்கெழுத்தில் குறி கிடையாது.

தடை செய், தீர்ந்தது என்றார் ஒவெலார்.
தொலைந்தால் சனங்கள் யார் கதவைத் தட்டுவார்கள்?
ஸால்திவாருக்கு அதெல்லாம் ஒன்றுதான்:
'பேயாகவே இருக்கட்டும்,
குடியிருந்தால் வாடகை தரட்டும்.'

பிறகு சாட்சி.
நிமியா ஃப்ரெத்தெஸ். வில்லாரிக்கா. ஐஸ் வியாபாரம்.
மூன்று உறைபெட்டி, வாசலில் ஒரு பலகை.
எந்திரக் கொட்டகை வந்த நாள்முதல்
சாயங்காலம் ஆறுக்கு மின்சாரம் படுத்துவிடுகிறது,
விளக்கு பூனைக்கண்ணாய் மங்குகிறது.
'உங்கள் நாணயம் உறையுமா உருகுமா
எனக்குத் தெரியாது ஐயா.
என்னுடையது உருகுகிறது.'
மூன்று மணிநேரப் பேருந்தில்
செய்தித்தாளில் சுற்றிக்கொண்டுவந்த ஒரு பையை
மேசைமேல் வைத்தாள்.

யாரும் கேள்வி கேட்கவில்லை.
'மெய்நிகர் சொத்து' என்று போடலாமா?
'சொத்து' வேண்டாம், வழக்கு வரும். 'உடைமை'?
பை வியர்த்தது.
பேச்சின் நடுவே பெனெகாஸின் கை
தானாக நீண்டது, பையைக் கிழித்தது,
நாலு கட்டியை அள்ளித்
தன் தெரெரே கூஜாவுக்குள் போட்டது.
கை மட்டும்தான்.
முகம் இன்னும் தேச வருமானத்தில் இருந்தது.

'ஐயாயிரம் குவாரனி' என்றாள் நிமியா.

சட்டைப் பையைத் தட்டினார்.
காற்சட்டைப் பையை.
உதவியாளனைப் பார்த்தார்.
உதவியாளன் தன் கைப்பேசியைப் பார்த்தான்.
'நாளைக்கு அனுப்பி வைக்கிறேன் அம்மா.'
'நாளைக்கு அது தண்ணீர் ஐயா.'

ஸால்திவார் மேசையைத் தட்டிச் சிரித்தார்.
ஒவெலார் கைப்பையைத் திறந்து,
உள்ளே வெகுநேரம் பார்த்து,
மூடினார்.
கடைசி நாற்காலி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

நான் எழுந்திருக்கக் கூடாது. விதி உண்டு.
எழுந்தேன்.
என் பேருந்துக் காசு அது, ஒற்றைத் தாள்,
ஓரம் மடிந்தது.
நிமியா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்,
இரண்டாய் மடித்து இடுப்பில் செருகினாள்.
என்ன பொருளில் என்று யாரும் கேட்கவில்லை.

நீர் மெல்ல வரைவின்மேல் ஏறியது.
நான்காம் பக்கம் முதலில் நனைந்தது,
எழுத்தில்லாத பக்கம், சேதமில்லை.

குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது:
பிற்பகல் நான்கு பத்து.
பிரிவு நான்கு ஒத்திவைக்கப்பட்டது. (சிரிப்பு.)
யார் சிரித்தார் என்று எழுதும் வழக்கமில்லை.

அன்று வீடுவரை நடந்தேன்.
இது அடுத்த ஆண்டுக் கூட்டத்தொடர்.
பிரிவு நான்கு இன்னும் இருக்கிறது.
ஐயாயிரம் இன்னும் வரவில்லை.